பக்கக் காற்றில் முன் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காமல் போன நொடி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஒற்றைக்கோடு

மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் பாலம் கண்ணில் பட்டாலே கை இறுகுகிறது, அதனால் எழுதுகிறேன்.

சைக்கிளில் முன்னும் பின்னும் 60 மி.மீ. ஆழமுள்ள கார்பன் ரிம். மாட்டி இரண்டாம் நாள். முதல் நாள் காற்றே இல்லை. எழுந்து நின்று மிதித்தால் வரும் அந்த 'வூம் வூம்' சத்தத்தைக் கேட்டே வேகம் கூடிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் ஆற்றுப் பாலம். பாதி தூரம் இடுப்பு உயரச் சுவர், அதற்கப்புறம் வெறும் கம்பி. சுவர் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. கம்பி தொடங்கிய இடத்தில் நான் சாலையோர வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தேன். கோடு என் முன் டயருக்கு ஒரு சாண் அந்தப் பக்கம். அடுத்து பார்த்தால் ஒரு முழம் இந்தப் பக்கம். டயர் கோட்டைக் கடந்ததை நான் பார்க்கவே இல்லை. அந்த இடம் மட்டும் என் நினைவில் வெட்டி எடுத்தது போல இருக்கிறது.

பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன்கூட அடிக்கவில்லை. பேசாமல் விலகிப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ஹேண்டிலைத் திருப்பியது நான் இல்லை, அது மட்டும் உறுதி. இறுக்கிப் பிடித்திருந்தேன், முழங்கையைப் பூட்டியிருந்தேன். அது தப்பு என்று எனக்கே தெரியும், அதற்குப் பாடம் வேண்டாம். பின்னாலும் அதே 60 தான், ஆனால் அது இருந்த இடமே தெரியவில்லை. எல்லாக் கூத்தும் முன்னால்தான் நடந்தது. உங்களுக்கு இப்படி ஒரு நொடி வாய்த்ததா? அதற்கப்புறம் முன்னால் என்ன மாட்டினீர்கள்?

மெல்லோட்டம்

வாய்த்தது. முதலில் என் எடையைச் சொல்லிவிடுகிறேன்: 49 கிலோ. "ஐம்பது எல்லாருக்கும் ஒத்துவரும்" என்று என்னிடம் சொன்ன அத்தனை பேரும் 75 கிலோவுக்குக் குறையாதவர்கள்.

தோழி ஒருத்தி தன் 50/50 ஜோடியை ஒரு வாரத்துக்குக் கொடுத்திருந்தாள். அன்றைக்குக் காற்று சாலைப் பக்கமிருந்து வீசியது. காற்றின் மேல் லேசாகச் சாய்ந்துகொண்டுதான் ஓட்டினேன், அது பழக்கம்தான். அப்போது பஸ் ஒன்று முந்தியது. பஸ் காற்றை மறைத்ததும் நான் சாய்ந்திருந்த சுவரை யாரோ உருவிவிட்டது போல இருந்தது. சைக்கிள் நேராகப் பஸ்ஸை நோக்கிப் போனது. அந்தப் பஸ்ஸின் பின் சக்கரத்தில் பத்து நட்டு. இரண்டில் துரு வழிந்திருந்தது. அந்த அளவு தூரத்தில் பார்த்தேன். பஸ் கடந்ததும் காற்று மொத்தமாகத் திரும்பி வந்து என்னை ஓரத்து மண்ணில் தள்ளியது. மண்ணில் விழுந்ததற்குச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

மறுநாளே சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது முன்னால் 33, பின்னால் 50. இரண்டும் வேறு வேறு கம்பெனி, ஸ்டிக்கர்கூடப் பொருந்தாது. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வாட்கணக்கு

மெல்லோட்டம், விழுந்ததில் வருத்தம்தான். ஆனாலும் 33/50 என்பது காற்றுக் கணக்கில் தலைகீழ் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கலையாத காற்றில் முதலில் நுழைவது முன் சக்கரம். பின் சக்கரத்துக்கு வந்து சேர்வது சீட்டுக்குக் கீழுள்ள சட்டக் குழாயும் இரண்டு கால்களும் கலக்கிவிட்ட காற்று. ஆகவே ரிம்மில் கூட்டுகிற ஒவ்வொரு மி.மீ.க்கும் பலன் அதிகம் கிடைப்பது முன்னால்தான். நானே சோதித்திருக்கிறேன். காற்றில்லாத விடியற்காலை, மேடு பள்ளம் இல்லாத சுற்றுப்பாதை, ஒரே உடை, ஒரே டயர், ஒரே வாட். என்னிடம் 30, 50 இரண்டிலும் ஜோடி இருக்கிறது. முன் 50 பின் 30 ஆகவும், முன் 30 பின் 50 ஆகவும் மாற்றி மாற்றி ஓட்டினேன். முதல் ஜோடிதான் வேகம். எத்தனை வாட் என்று கேட்காதீர்கள், அந்த வித்தியாசம் என் பவர் மீட்டரின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடக்கூடியது. ஆறாவது சுற்றில் ஒரு நாய் நடுரோட்டில் வந்து படுத்துக்கொண்டது. குரைக்கவில்லை, துரத்தவில்லை, படுத்துக்கொண்டது. நான் நின்றேன். அது எழுந்திருப்பதற்குள் வெயிலும் காற்றும் வந்துவிட்டன. இன்னும் இரண்டு சுற்று கிடைத்திருந்தால் கணக்கு முழுமையாகியிருக்கும். அந்த நாயின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், நேர் பக்கவாட்டில் 9 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தில் காற்று படுகிற கோணம் 14 டிகிரி. அதே காற்றில் 24 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு 20 டிகிரிக்கு மேல். அதாவது மெதுவாகப் போகிறவருக்குத்தான் கோணம் அதிகம். பயப்பட வேண்டாம், வானிலைச் செய்தியில் சொல்லும் காற்று 10 மீட்டர் உயரத்துக் கணக்கு, சக்கர உயரத்துக்கு இறங்கி வருவதற்குள் மரம், புதர், வீடு என்று உரசிக் கணிசமாகக் குறைந்துவிடும். அன்றாடம் நமக்குப் படுவது பெரும்பாலும் சின்னக் கோணம்தான். அந்த எல்லைக்குள் ஆழமான ரிம் பாய்மரம் போல வேலை செய்து இழுவையைக் குறைக்கிறது. முன்னால் குறைத்துப் பின்னால் கூட்டுவது பயத்துக்குக் கட்டும் வாடகை. கட்டுங்கள், தப்பில்லை. அதை ஏரோ, அதாவது காற்றை மிச்சம் பிடிப்பது, என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மெல்லோட்டம்

வாடகை கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் பாதையில் நாய் படுத்திருந்தது, என் பாதையில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. காற்றில்லாத விடியற்காலை என்றால் நானும் 50 போடுவேன்.

இன்னொன்று. பயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையை விரித்து, பிரேக் மேல் விரலை வைத்துக்கொண்டு ஓட்டினால் உங்கள் வாட் எல்லாம் எங்கே போகும்? காற்றை அதிகம் வாங்குவது சக்கரமா, நம் உடம்பா? குனிந்தே ஓட்ட முடிகிற முன் சக்கரம்தான் என்னைப் பொறுத்தவரை வேகமான முன் சக்கரம்.

பழைய ஸ்போக்

இரண்டு பேரும் மி.மீ. எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். என்னிடம் இரண்டு 50 இருந்தன, இரண்டும் வேறு வேறு ஜென்மம்.

ஒன்று பழையது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆப்பு மாதிரி, டயர் பக்கம் அகலம், நடு அச்சான ஹப் பக்கம் கூர். மலையை வெட்டிப் போட்ட சாலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் பாறைச் சுவர், அங்கங்கே ஓடை இறங்கும் இடைவெளி. முதல் இடைவெளியில் முன் சக்கரத்தை யாரோ கேரம் காயைச் சுண்டுவது போலச் சுண்டினார்கள். சமாளித்தேன். இரண்டாவதில் சுண்டல் வரும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே எதிர்த்துப் பிடித்தேன். சுண்டல் வந்தது, பாதியில் நின்றுவிட்டது. நான் எதிர்த்துக் கொடுத்த விசை மட்டும் மிச்சம் இருந்தது. அது என்னைப் பாறைப் பக்கம் கொண்டுபோனது. காற்று தள்ளியதைவிட, தள்ளுவதை நிறுத்தியதுதான் பயங்கரம். தோள்பட்டையில் பாறையின் ஈரம் பட்டதுவரை ஞாபகம் இருக்கிறது.

ஏன் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. ஒரு சக்கரத்தில் காற்று ரிம்மை இரண்டு தடவை சந்திக்கிறது. முன் பாதியில் டயர் மூக்கு, ரிம்மின் உள்விளிம்பு வால். பின் பாதியில் உள்விளிம்பு மூக்கு, டயர் வால். ஆப்பு வடிவம் முன் பாதிக்குப் பரவாயில்லை. பின் பாதியில் அந்தக் கூர் முனை மேல் பக்கக் காற்று பட்டால் ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொண்டு போகும். கோணம் சின்னதாக இருக்கும்வரை தள்ளு ஸ்டீயரிங் அச்சுக்கு முன்னால் விழுகிறது, அதனால் ஹேண்டில் காற்று வரும் பக்கத்தை விட்டு விலகித் திரும்பப் பார்க்கும். கோணம் கூடி ஓட்டம் பிய்ந்ததும் அந்தத் தள்ளு சட்டென்று பின்னால் நகர்ந்துவிடும். கையில் இருந்த பாரம் காணாமல் போகிற நொடி அதுதான்.

இரண்டாவது 50 இப்போதைய வார்ப்பு. அகலம் அதிகம், உள்விளிம்பு முட்டையின் மழுங்கிய முனை மாதிரி. அதே இறக்கம், அதே ஓடை இடைவெளி. தள்ளுகிறது, ஆனால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது. ஒற்றைக்கோடு, உங்கள் 60 எந்த வடிவம்? அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சுக்கு அர்த்தமே இல்லை.

நீளவால்வ்

எனக்கு வெளியே வீசுகிற காற்றால் பிரச்சினை வந்ததில்லை. என் கதை டயருக்குள் இருக்க வேண்டிய காற்று.

முன் 40, பின் 60. இந்த ஜோடியை யோசித்து யோசித்து எடுத்தேன். யோசிக்காதது ஒன்றே ஒன்று. சீட் பையில் இருந்த ஸ்பேர் ட்யூபின் வால்வ் 60 மி.மீ. முன் சக்கரத்துக்கு வாங்கியது. பஞ்சர் ஆனது பின்னால். பஞ்சர் எப்போதும் பின்னால்தானே! இருட்டுகிற நேரம். ட்யூபை மாட்டி, டயரை உள்ளே தள்ளி, வால்வைத் தேடினால் ரிம் துளைக்குள் பித்தளை முனை மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. பம்ப் கவ்வவே இல்லை.

பஞ்சரான ட்யூபில் வால்வை நீட்டும் எக்ஸ்டென்ஷன் குழாய் இருந்தது. அதைக் கழற்றி இதில் மாட்டலாம் என்று முறுக்கினேன். எக்ஸ்டென்ஷனும் வந்தது, கூடவே வால்வின் உள்குச்சியும் வந்தது, இரண்டும் ஒட்டிக்கொண்டு. இடுக்கி இல்லை. பல்லால் கடித்துப் பார்த்தேன். ஒரு வழியாகப் பிரித்து, புது ட்யூபில் மாட்டி, நூறு தடவை பம்ப் அடித்து, நிமிர்ந்து வியர்வையைத் துடைத்தபோது 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். எக்ஸ்டென்ஷன் இணைப்பில் கசிவு. டேப் சுற்றாமல் மாட்டினால் அப்படித்தான் ஆகும் என்று பிறகு தெரிந்தது. அந்தச் சத்தம் நின்று அமைதியாகிறவரை அங்கேயே உட்கார்ந்து கேட்டேன். அப்புறம் ஷூவுக்கு அடியிலிருக்கும் க்ளீட் தேயத் தேய 7 கி.மீ. நடை.

இப்போது பையில் 80 மி.மீ. வால்வ் ட்யூப் இரண்டு. 40 ரிம்மில் போட்டால் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு 'டிக் டிக்' என்று தட்டும். தட்டட்டும்.

இறக்கத்துக்காரன்

ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் யாரும் இங்கே இல்லையா? எல்லாரும் காற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு ஆப்பு வைத்தது சூடு.

பழைய சைக்கிள், சாதாரண ட்யூப் டயர் போடுகிற கார்பன் ரிம் (க்ளிஞ்சர்), முன் பின் 45. நீண்ட இறக்கம், கொண்டை ஊசி வளைவுகள், முன்னால் ஒரு கார் மெதுவாக. முந்தவும் முடியாது, விடவும் முடியாது. பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினேன். முதலில் வாசனை வந்தது, கருகிய பிளாஸ்டிக் மாதிரி. காரிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். அப்புறம் முன் பிரேக் லீவர் என் விரலுக்குள் துடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு, நாடி பார்ப்பது போல. கீழே வந்து நிறுத்தித் தண்ணீர் ஊற்றலாமா என்று யோசித்து, நல்லவேளை ஊற்றாமல், ஆறவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். பிரேக் படுகிற சுவரில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வீக்கம். கார்பன் இழை உருகாது, இழையைப் பிடித்திருக்கும் பசை இளகிவிடும். அதோடு டயரின் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது.

தப்பில் பாதி என்னுடையது. அலுமினிய ரிம்முக்கான பிரேக் கட்டைகளையே மாற்றாமல் விட்டிருந்தேன். பிரேக்கின் பாரம் பெரும்பாலும் முன்னால்தான் விழுகிறது என்பதால் பின் ரிம்முக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது முன்னால் அலுமினியம் 30, பின்னால் அந்தப் பழைய கார்பன் 45. முன்னுக்கு ஒரு கட்டை, பின்னுக்கு வேறு கட்டை. ஒரு தடவை மாற்றி மாட்டிவிட்டேன், அது வேறு கதை.

மிதிவண்டிப்பித்தன்

எனக்கும் ஒரு தடவை நெடுஞ்சாலையில் பக்கக் காற்று அடித்தது. விழவில்லை. ஆனால் இங்கே எல்லாரும் அடிப்படையையே விட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

சக்கரம் எடுக்கும் முன் டயரை முடிவு செய்யுங்கள். டயரும் ரிம்மும் சேர்ந்துதான் ஒரு வடிவம். ரிம்மின் வெளி அகலம் டயரின் அகலத்தைவிட 5 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று சக்கரம் செய்யும் ஸிப் நிறுவனத்தில் இருந்த ஜோஷ் போர்ட்னர் சொன்ன 105 கணக்கு ஒன்று உண்டு. டயர் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். 28 என்று எழுதியிருக்கும், 25 உள் அகலமுள்ள ரிம்மில் காற்றடித்து அளந்தால் 30 பக்கம் வந்து நிற்கும். அப்படியென்றால் ரிம்முக்கு 31 மி.மீ.க்கு மேல் வேண்டும். டயர் ரிம்மைவிடப் பிதுங்கி பல்ப் மாதிரி நின்றால் 60 எடுத்தும் பிரயோஜனம் இல்லை. இரண்டு சக்கரத்திலும் பார்க்க முடியாவிட்டால் முன்னால் மட்டுமாவது இதைப் பாருங்கள். பின்னால் ஒரு அளவு பெரிய டயர் போட்டுக்கொள்ளலாம், அங்கே எடையும் அதிகம், குலுக்கலும் அதிகம்.

அப்புறம் ஹூக்லெஸ் ரிம், அதாவது டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம் என்றால் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ, அதுதான் உச்சம், அதைத் தாண்டக் கூடாது. ரிம் கம்பெனி, டயர் கம்பெனி இரண்டும் சம்மதிக்கிற டயர்தான் போட வேண்டும். பழைய பழக்கத்தில் நூறு பிஎஸ்ஐ அடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். எடை, எடை என்று அலைகிறவர்களுக்கு: ரிம்மில் 200 கிராம் கூடினால் வேகம் எடுக்கும்போது மட்டும் அதிகபட்சம் 400 கிராம் போலத் தெரியும், சைக்கிளும் ஆளும் சேர்ந்த 80 கிலோவில் அது அரை சதவீதம். ஒரே வேகத்தில் போகும்போது அந்தச் சுழலும் எடைக்கு என்று தனிப் பாரம் கிடையாது. சுழலும் எடை பற்றிச் சொல்லப்படுவதில் பாதி கட்டுக்கதை. பின் ஹப்பின் ஃப்ரீஹப் உங்கள் கேசட்டுக்கு, அதாவது பின் பல்சக்கர அடுக்குக்கு, பொருந்துமா என்று பாருங்கள், டிஸ்க் பிரேக் தட்டு (ரோட்டர்) மாட்டும் முறை சென்டர்லாக்கா ஆறு போல்ட்டா என்று பாருங்கள், ஆக்ஸில் 12 மி.மீ. தானா என்று பாருங்கள், முன்னால் 100, பின்னால் 142. தனித்தனியாக முன் சக்கரம் ஒரு இடத்தில், பின் சக்கரம் ஒரு இடத்தில் எடுக்கிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பயன்படுத்திய கார்பன் சக்கரம் என்றால் ஸ்போக் துளை ஒவ்வொன்றையும் நகத்தால் சுற்றித் தடவுங்கள், விரிசல் கண்ணுக்கு முன் நகத்துக்குத் தெரியும். நாணயத்தால் ரிம்மைத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள், ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, ஒற்றைக்கோடு, பாடம் வேண்டாம் என்றீர்கள், இருந்தாலும்: கையைத் தளர்த்துங்கள், ஹேண்டிலின் கீழ் வளைவான டிராப்பில் பிடியுங்கள், மிதிப்பதை நிறுத்தாதீர்கள்.

கூட்டத்தில் ஒருவன்

பாடம் வேண்டாம் என்று எழுதியவருக்கே பாடமா, அண்ணா? அதுவும் உங்கள் சொந்தக் கதை இரண்டே வரி!

என்னுடையது சின்னது. இருபது பேர் நெருக்கமாகப் போகிறோம், பக்கக் காற்று, எல்லாரும் சாலை அகலத்துக்குச் சாய்கோடாக விரிந்து நிற்கிறோம். எனக்கு முன்னால் இருந்தவர் முன் பின் 80. அவர் பயப்படவே இல்லை, நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு முழம் போய் வந்தார். என் முன் டயர் அவர் பின் டயரை இரண்டு முறை உரசியது. 'ஸ்ர்ர்ப்'. அந்தச் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும். இரண்டாவது முறை நான் விழவில்லை, எனக்குப் பின்னால் இருந்தவர் விழுந்தார். அவர் ஓட்டியது 30/30.

அவரவர் சக்கரம் அவரவர் இஷ்டம் என்று இனி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். உலக சைக்கிள் சங்கமான யூசிஐ 2026 ஜனவரி 1 முதல் கூட்டமாகப் போகும் ரோட் ரேஸ்களுக்கு ரிம் உயரம் 65 மி.மீ. என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. நிறையப் பேர் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை.

வாட்கணக்கு

அது 80. நான் சொன்னது 50. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கூட்டத்தில் ஒருவன்

விழுந்தவரின் காலர் எலும்பு இந்த வித்தியாசத்தைக் கேட்கவில்லை.

தட்டுவீல்

தனியாகக் கடிகாரத்தோடு ஓட்டும் டைம் ட்ரையல் போட்டிகளில் பின் சக்கரமாக முழு டிஸ்க் போடுகிறவன் நான், பிரேக் டிஸ்க் இல்லை, சக்கரமே தட்டு. ஒற்றைக்கோடு சொன்ன "பின் சக்கரம் இருந்த இடமே தெரியவில்லை" என்பதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

முதல் தடவை அதைப் போட்டுக்கொண்டு போனபோது உடம்பெல்லாம் நடுக்கம். 60க்கே ஆள் பறக்கிறதென்றால் முழுத் தட்டு என்ன செய்யும்! முன்னால் 80. வெட்டவெளிச் சாலை. தட்டு போடுகிற முழக்கம் காலி டிரம்முக்குள் தலையை விட்டது போல இருந்தது. ஒரு காற்று வந்தது. சைக்கிள் மொத்தமாக, முன்னும் பின்னும் சேர்ந்து, அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தது. நகர்ந்ததுதான், திரும்பவில்லை. அதற்குள் முன் 80க்குக் காற்று பட்டது, ஹேண்டில் உதறியது. அந்த இரண்டு தள்ளுக்கும் இடையில் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்திருக்கும், ஆனால் இரண்டும் எவ்வளவு வேறு என்று என் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. பின் சக்கரம் தள்ளினால் இடுப்பால் சமாளிக்கலாம். முன் சக்கரம் தள்ளினால் அது நம்மைக் கேட்காமலே வண்டியைத் திருப்புகிறது.

அடுத்த வாரம் முன்னால் 50 ஆக்கினேன், பின்னால் தட்டை எடுக்கவே இல்லை. இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் 1984இல் மெக்ஸிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 51.151 கி.மீ. ஓட்டியது இரண்டு பக்கமும் தட்டுச் சக்கரத்தில்தான், ஆனால் அது சைக்கிள் பந்தய மைதானத்தின் வட்டப்பாதை. சாலையில் முன்னால் தட்டு போடுகிறவரை நான் பார்த்ததில்லை. ஹவாயில் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம்) போட்டியில் பின்னாலும் தட்டு கூடாது என்று வெகுகாலமாக விதி வைத்திருந்தார்கள், அங்கே எரிமலைப் பாறை வெளியில் அடிக்கிற காற்று அப்படி.

வாட்கணக்கு அவர்களுக்கு ஒரு சின்னத் திருத்தம். மெதுவாகப் போகிறவருக்குக் கோணம் அதிகம் என்பது சரி. ஆனால் கையில் தெரிவது கோணம் இல்லை, தள்ளு. சின்னக் கோணங்களில் பக்கத் தள்ளு ஏறக்குறைய உங்கள் வேகத்தையும் பக்கக் காற்றின் வேகத்தையும் பெருக்கியது போலத்தான் ஏறும். அதே காற்றில் 30இல் போனவர் 60இல் இறங்கினால் தள்ளு இரண்டு மடங்கு. பழைய ஸ்போக் பாறையைத் தொட்டது இறக்கத்தில் என்பது தற்செயல் இல்லை. சமதளத்தில் சோதித்துச் சக்கரம் எடுத்தால் இறக்கத்தில் வேறு சக்கரம் கிடைக்கும்.

வாட்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன். என் சுற்றுப்பாதையில் இறக்கம் இல்லை. நாய் மட்டும்தான்.

ஒற்றைக்கோடு

எல்லாருக்கும் நன்றி. பித்தன் அண்ணா உட்பட. நாணயத்தால் தட்டிப் பார்த்தேன், சத்தம் சீராகத்தான் இருக்கிறது.

பழைய ஸ்போக் கேட்டதற்கு: மழுங்கல்தான், புது வார்ப்பு. ஆகவே வடிவத்தின் மேல் பழி போட முடியவில்லை. என் எடை 58. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சுவர் முடிந்து கம்பி தொடங்குகிற இடம், அதுவும்.

நேற்று பழைய அலுமினியம் 30ஐ முன்னால் மாட்டினேன், பின்னால் 60 அப்படியே. வேண்டுமென்றே காற்றடிக்கிற மாலையில் போனேன். பாலத்தின் தொடக்கத்தில் நின்று, இரண்டு லாரியைப் போகவிட்டு, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஏறினேன். சுவர் இருந்தவரை கையைத் தளர்த்த முடிந்தது. கம்பி நெருங்கியதும் தானாக இறுகிவிட்டது, என்ன செய்ய. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று வந்தது. பின்னால் ஒரு தள்ளு, இடுப்பில் தெரிந்தது, தட்டுவீல் சொன்னது போலவே. முன் டயர் கோட்டை நோக்கி நகர்ந்தது. நகர்வதைப் பார்த்தேன். நாலு விரல் அளவு போய் நின்றது, நான் திரும்பக் கொண்டுவந்தேன்.

மறுமுனையில் இறங்கி, திரும்பவும் ஒரு தடவை கடந்தேன். இரண்டாவது தடவை மூன்று விரல்.

மெல்லோட்டம்

ஸ்டிக்கர் பொருந்துகிறதா?

ஒற்றைக்கோடு

முன்னால் ஸ்டிக்கரே இல்லை. உரிந்து போய் ஆறேழு வருஷமாகிறது.